பாதுகாப்பை அணைத்த குரோமில் பில் போடுகிறீர்களா?

போன வாரமும் ஒரு ஜவுளிக்கடை. கல்லாக் கணினியில் இரண்டு குரோம் ஐகான்கள் இருந்தன. ஒன்று சாதாரணம். இன்னொன்றுக்குப் பெயர் 'பில்லிங்'. அதைத் திறந்ததும் மேலே ஒரு பட்டை வந்தது: ஆதரவில்லாத கட்டளையோடு இயங்குகிறது, பாதுகாப்பு பாதிக்கப்படும் என்று குரோமே சொல்கிறது. கல்லாவில் இருந்தவர் அதைப் படிக்கக்கூட இல்லை. ஓரத்திலிருந்த பெருக்கல் குறியைத் தட்டிவிட்டு பில் போட ஆரம்பித்தார்.

ஐகானின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், நினைத்தபடியே 'டிசேபிள் வெப் செக்யூரிட்டி', அதாவது குரோமின் இணையப் பாதுகாப்பை அணைக்கும் கட்டளை. பில்லிங் பக்கம் ஒரு தளத்தில், ஸ்டாக் விவரம் தரும் சர்வர் வேறு முகவரியில். அந்தப் பதிலைப் பக்கம் படிக்க குரோம் விடவில்லை. பில்லிங் சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனியின் சப்போர்ட் ஆள் வைத்துவிட்டுப் போனது. தனி ப்ரொஃபைல் ஃபோல்டர் இல்லாமல் அந்தக் கட்டளை வேலை செய்யாது என்பதால், சி டிரைவில் அதற்கும் ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறார். இவ்வளவு தெரிந்தவருக்கு சர்வரில் ஒரு வரி சேர்க்கத் தெரியாதா? போனில் கேட்டேன். "குரோம்லதான் சார் பிரச்சினை. போஸ்ட்மேன்ல அடிச்சா டேட்டா வருதே" என்றார். போஸ்ட்மேன் என்பது சர்வரிடம் நேராகக் கேட்டுச் சோதிக்கும் ஒரு சாஃப்ட்வேர். அதே ஜன்னலின் அடுத்த டாபில் கடையின் நெட்பேங்கிங் திறந்திருந்தது.

இந்த போஸ்ட்மேன் வாதத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சாஃப்ட்வேர் எழுதும் தம்பிகளே, ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பதிலைப் படிக்கக்கூடாது என்பது நெட்ஸ்கேப் காலத்து விதி. நேற்று வந்த அப்டேட் இல்லை. அது காப்பாற்றுவது உங்கள் சர்வரை அல்ல, பிரவுசர் முன்னால் உட்கார்ந்திருப்பவரை. பிரவுசரில் அவருடைய மெயில், வங்கி, ஜி.எஸ்.டி. எல்லாம் லாகின் ஆகியிருக்கின்றன. அவர் எதேச்சையாகத் திறக்கும் ஏதோ ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட், அவர் பெயரில் அந்தத் தளங்களிடம் கேட்டுப் பதிலைப் படித்துவிடக் கூடாது. போஸ்ட்மேனில் அப்படி யாருடைய லாகினும் உட்கார்ந்திருப்பதில்லை. முன்பின் தெரியாத தளத்தின் ஸ்கிரிப்ட் எதுவும் அதற்குள் ஓடுவதும் இல்லை. தடுக்க ஒன்றும் இல்லாததால் அது தடுப்பதில்லை. அங்கே டேட்டா வருகிறது என்றால் உங்கள் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். குரோம் தப்பு செய்கிறது என்று அதிலிருந்து எப்படி முடிவுக்கு வருகிறீர்கள்?

இன்னொன்று. "கோர்ஸ் பிளாக் பண்ணுது" என்கிறார்கள். கோர்ஸ் எதையும் பிளாக் செய்வதில்லை. தடுப்பது பழைய விதி. அதற்கு விலக்கு கொடுக்கும் வழிதான் கோர்ஸ் (CORS). இந்தத் தளம் என் பதிலைப் படிக்கலாம் என்று உங்கள் ஸ்டாக் சர்வர் ஒரு ஹெடரில், அதாவது பதிலோடு சேர்த்தனுப்பும் குறிப்பு வரியில், சொல்லிவிட்டால் குரோம் பேசாமல் வழிவிடும். இதைச் செய்யாமல் கடைக்காரரின் கணினியில் பாதுகாப்பை அணைப்பது, கதவு இறுகிவிட்டது என்று நிலையோடு பெயர்த்து வைப்பதுபோல.

ஹெடர் போடுகிறேன் என்று, 'எந்தத் தளமும் படிக்கலாம்' எனப் பொருள்படும் நட்சத்திரக் குறி போடுபவர்கள் தனி ரகம். லாகின் குக்கீயோடு (ஆளை அடையாளம் காண பிரவுசர் சேமித்து வைக்கும் குறிப்பு) போகும் கோரிக்கைக்கு நட்சத்திரத்தைப் பிரவுசர் ஏற்காது. உடனே, எந்தத் தளம் கேட்டாலும் அதன் பெயரையே திருப்பி அனுப்பி, குக்கீக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். பாதுகாப்பை அணைத்த ஐகானை எல்லா வாடிக்கையாளருக்கும் இலவசமாகக் கொடுத்த மாதிரிதான். உங்கள் டொமைன் பெயர்களைப் பட்டியலாக எழுதி, கேட்கும் தளத்தை அதோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

"அந்த ஐகான்ல எங்க சைட் மட்டும்தானே திறக்கிறோம்" என்பார்கள். முதலில், அது நடப்பதில்லை. மேலே சொன்ன நெட்பேங்கிங் டாபைப் பாருங்கள். இரண்டாவது, உங்கள் தளத்தில் ஓடுவதெல்லாம் நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டா? பழைய பிரவுசர்களுக்கு உதவும் ஸ்கிரிப்ட் தந்துவந்த பாலிஃபில் ஐஓ என்ற டொமைன் 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூனில் அதிலிருந்து வந்த ஸ்கிரிப்டில் தீங்கான கோட் கலந்திருப்பது தெரியவந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை நம்பி ஏற்றிக்கொண்டிருந்தன. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காகச் சேர்த்த வரியை எடுக்க மறந்த தளங்கள் அதில் ஏராளம்.

அடுத்த தலைவலி புதிது. 2025 அக்டோபர் கடைசியில் வந்த குரோம் 142-இல், ஒரு இணையதளம் உங்கள் கணினிக்குள்ளோ உள்ளூர் நெட்வொர்க்கிலோ இருக்கும் சாதனத்தோடு பேச முயன்றால் பிரவுசர் அனுமதி கேட்கும். வெப் பில்லிங்கிலிருந்து ரசீது பிரின்டருக்கு அனுப்பும் குட்டி சர்வீஸ், ஆதார் கைரேகைக் கருவியை இயக்கும் ஆர்.டி. சர்வீஸ் எல்லாம் இந்த வழியில்தான் ஓடுகின்றன. என்னவோ கேட்கிறதே என்று பயந்து 'பிளாக்' அழுத்தியவர்கள், மறுநாள் பிரின்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரின்டரில் ஒன்றும் இல்லை. முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தைத் தட்டி, அந்த அனுமதியை மாற்றினால் போதும். தளம் எச்.டி.டி.பி.எஸ். இல்லையென்றால் கேள்வியே வராது, நேராகத் தடைதான். இன்னமும் சான்றிதழ் போடாத சாஃப்ட்வேர் கம்பெனிகளை இதற்கு மேல் என்ன சொல்லித் திட்டுவது?

எதற்கு இந்தக் கெடுபிடி என்றால், 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்கள் சில போர்ட்களில், அதாவது போனுக்குள் செய்தி வாங்கும் எண்ணிட்ட வாசல்களில், காத்திருந்தன. மெட்டாவின் கண்காணிப்பு ஸ்கிரிப்டான மெட்டா பிக்சல் உள்ள தளத்தைப் பிரவுசரில் திறந்தால், அதன் ஸ்கிரிப்ட் குக்கீ எண்ணை அந்த போர்ட்டுக்கு அனுப்பியது. யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பதை அவருடைய கணக்கோடு முடிச்சுப்போட அது போதும். வெளியானதும் மெட்டா நிறுத்தியது. ரஷ்யத் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸ் இதே வேலையை 2017 முதலே செய்துவந்தது. வாசலில் நின்று கேட்காமல் உள்ளே போனவர்களால்தான் இப்போது எல்லோரையும் பிரவுசர் கேட்கிறது.

கடைக்காரர்களே, பில்லிங் ஐகானை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' கட்டத்தைப் பாருங்கள். அதில் எங்காவது 'disable' (டிசேபிள்) என்று இருந்தால் அந்த ஐகானில் வங்கி, மெயில் எதையும் திறக்க வேண்டாம். ஏற்கெனவே திறந்திருந்தால் லாக் அவுட் செய்து, வேறு பிரவுசரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். நெட்வொர்க் அனுமதியை உங்கள் பில்லிங் தளத்துக்கு மட்டும் கொடுங்கள். செய்தித்தளமோ சினிமாத்தளமோ கேட்டால் மறுத்துவிடுங்கள்.

தம்பிகளே, குரோம் பீட்டாவை (எல்லோருக்கும் வருமுன் வரும் சோதனைப் பதிப்பு) ஒரு கணினியில் போட்டு மாதம் ஒருமுறை உங்கள் பில்லிங் பக்கத்தை ஓட்டிப் பாருங்கள். எஃப்12 அழுத்தினால் திறக்கும் கன்சோலில் வரும் மஞ்சள் எச்சரிக்கைகளைப் படியுங்கள். இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அறிவித்துவிட்டுத்தான் வருகின்றன. அப்புறம், ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும் கடைக்காரர்கள் இந்தச் சோதனையையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். நான் பார்த்தவரை எல்லா ஏ.எம்.சி.யிலும் சர்வர், பேக்கப் எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை.