உட்கார விடாத கட்டி

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். சீட் காலியாக இருந்தும் மாமா உட்காரவில்லை. புறக்கோட்டை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டபடி நின்றே வந்தார். கேட்டதற்கு, "மூலச்சூடு தம்பி, ரெண்டு செவ்விளநி குடிச்சா சரியாப்போகும்" என்றார். பகலில் பார்மசிக் களிம்பு, இரவில் பனடோல் என்று நாலு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் குளிர்க்காய்ச்சல். வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் பார்த்ததுமே, "இது மூலம் இல்லை, சீழ்க்கட்டி. இன்றைக்கே திறக்கவேண்டும்" என்றார்.

மலவாயைச் சுற்றி வருகிற வீக்கம் எல்லாவற்றையும் மூலம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உள்மூலம் பெரும்பாலும் இரத்தத்தைத்தான் காட்டும், வலி குறைவு. சீழ்க்கட்டியின் வலி வேறு மாதிரி. விண்விண்ணென்று தெறிக்கும், நாளுக்கு நாள் ஏறும், இருமினாலும் குத்தும்.

கட்டி வெளியே தெரிந்தாலும் அது தொடங்கியது அங்கே இல்லை. மலவாயிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீற்றர் உள்ளே, பல்வரிசை போல் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வட்டமாக ஓடுகிறது. அந்தப் பள்ளங்களில் மிகச் சிறிய சுரப்பிகள் சில திறக்கின்றன. மலம் வழுக்கிப் போவதற்குக் கொஞ்சம் சளி சுரப்பதுதான் அவற்றின் வேலை. அதில் ஒன்றின் வாய் அடைபட்டால் குடலில் வாழும் பக்டீரியாக்கள் உள்ளே மாட்டிக்கொண்டு பெருகுகின்றன, சீழ் கட்டுகிறது. இந்தக் கட்டிகளில் 10க்கு 9 இப்படித்தான் வருகின்றன. உள்ளிருந்து தோல் வரை சுரங்கம் போல் நிலைத்துவிடும் பௌத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே சுரப்பிகள்தான் வேர் என்று 1961இல் விளக்கி எழுதியவர் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் அலன் பார்க்ஸ்.

அப்புறம் சீழ் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மலவாயைச் சுருக்குப் பையின் வாய் போல மூடிவைக்க இரண்டு தசை வளையங்கள் உண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக. உள்வளையம் தானாக இயங்கும், வெளிவளையம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். சுரப்பிகளின் அடிப்பகுதி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் புதைந்து கிடக்கிறது. சீழ் அங்கிருந்து நேரே கீழே வடிந்து வந்தால் மலவாய் ஓரத்தில், தோலுக்கு அடியில், தொட்டால் சுடுகிற சிவந்த கட்டி. பாதிக்கு மேல் இந்த வகைதான். மாமாவுக்கு வந்ததும் இதுதான், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு.

சீழ் வெளிவளையத்தைத் துளைத்துப் பக்கவாட்டில் போனால் பிட்டத்துக்குள் இருக்கும் கொழுப்பு நிறைந்த இடத்தை அடைகிறது. அங்கே தாராளமாக இடம் இருப்பதால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமலே நிறையச் சீழ் சேர்ந்துவிடும். பின்பக்கமாகச் சுற்றி மற்றப் பக்கத்துக்கும் பரவினால் லாடம் போல் வளைந்து நிற்கும். வளையங்களுக்கு நடுவிலேயே தங்கிவிடுவதும் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுமே இருக்காது, வலியோ உயிர் போகும். "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லி அந்த நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. இடுப்பின் அடியைத் தாங்கி நிற்கும் தசைக்கு மேலே சீழ் ஏறுவது அபூர்வம். அப்படி ஏறியிருந்தால், குடல்வால் போல வயிற்றுக்குள் வேறெங்காவது தொடங்கியதா என்றும் தேடுவார்கள்.

மாத்திரையால் ஏன் கரையவில்லை? சீழ்க்குழிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. மருந்து போவதே இரத்தத்தின் வழியாகத்தானே. கீறி வெளியேற்றுவதுதான் வைத்தியம். அன்டிபயோட்டிக் அதற்குத் துணை. சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவி, தொடை இடுக்கு வரைக்கும் தசையை அழுகவைத்துவிடலாம். வெட்கத்தில் வாய் திறக்காமல் போகிற நாலு நாளின் விலை இவ்வளவு பெரிது.

மாமாவின் காயத்தைத் தைக்காமல் விட்டார்கள். வாய் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி சீழ் கட்டும், அதனால் அடியிலிருந்து ஆறி வரவேண்டும். தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பேசினில் உட்கார்ந்தார். கட்டி வடிந்தாலும் உள்ளே இருக்கும் சுரப்பியிலிருந்து தோல் வரை ஒரு சுரங்கம் நிலைத்துவிடுவது உண்டு. அதுதான் பௌத்திரம். மூன்றில் ஒருவருக்காவது வரும். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கண்டார் மாமா. இந்த முறை செவ்விளநி வாங்கவில்லை. அடுத்த நாள் விடியவே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்துவிட்டார்.