ஐக்கியம்: ஒளிக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்

வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம், ஐக்கிய விருந்து என்று தமிழ்த் திருச்சபைகளில் இந்தச் சொல் புழங்காத இடமில்லை. புழங்கிப் புழங்கியே பொருள் தேய்ந்து, 'கூடிவருதல்' என்ற அளவில் நின்றுவிட்டது. யோவானின் முதல் நிருபத்தைத் திறந்தால் கதை வேறு. முதல் அதிகாரத்தின் 3ஆம் வசனத்தில் இரண்டு முறை, 6இலும் 7இலும் ஒவ்வொரு முறை என நான்கு இடங்களில் இச்சொல் வருகிறது. நட்டநடுவே, 5ஆம் வசனத்தில், 'தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை.' ஒளியை விட்டுவிட்டு ஐக்கியத்துக்கு விளக்கம் சொல்ல யோவான் இடம் கொடுக்கவில்லை.

ஐக்கியம் வடசொல். 'ஏக' என்பதிலிருந்து 'ஐக்ய', அதாவது ஒன்றாயிருக்கும் தன்மை. சைவ மரபில் இது கனமான சொல். வீரசைவத்தில் ஆன்மிக வளர்ச்சியின் ஆறு படிநிலைகளைத் தலங்கள் என்பார்கள்; அவற்றில் கடைசியானது ஐக்கியத் தலம். அங்கே உயிர் சிவத்தோடு ஒன்றிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லோ கொய்னோனியா. அதன் வேர் கொய்னொஸ், 'பொதுவான' என்று பொருள். பலர் ஒன்றைப் பொதுவில் வைத்து, ஆளுக்கொரு பங்கு கொள்வதுதான் கொய்னோனியா. இங்கே யாரும் யாருக்குள்ளும் கரைவதில்லை. விசுவாசி தேவனோடு ஐக்கியப்படுகிறான் என்றால் தேவனாகிவிடுகிறான் என்று பொருளாகாது. வடசொல்லின் நிழல் இந்த இடத்தில் வாசகரை வழிதப்ப வைக்கக்கூடும்.

கொய்னோனியாவின் உறவுக்காரச் சொல் ஒன்று மீன்பிடித் தொழிலில் கிடைக்கிறது. லூக்கா 5:10இல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் 'கூட்டாளிகள்', மூலத்தில் கொய்னோனோய். தொழிலில் பங்காளிகள் என்பதைத் தவிர வேறு ஆன்மிகப் பொருள் அதில் இல்லை. ரோமர் 15:26இல் எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்துக்கே கொய்னோனியா என்று பெயர். புராட்டஸ்தாந்து சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு அதைப் 'பொருள் சகாயம்' ஆக்கியது. அப்போஸ்தலர் 2:42இல் அதே சொல் 'அந்நியோந்நியம்'. ஆக, ஒரே கிரேக்கச் சொல் தமிழில் மூன்று உடை உடுத்தியிருக்கிறது. ஐக்கியம் என்ற சொல் வரும் வசனங்களை மட்டும் ஒத்துவாக்கியத்தில் (வேதாகமச் சொல்லடைவில்) தேடிப் படிப்பவருக்குப் பணத்தைப் பற்றிய வசனம் கண்ணில் படாது. பிரசங்கங்களில் ஐக்கியம் வெறும் மனநெருக்கமாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஒளி. கிரேக்கத்தில் ஃபோஸ். பழைய மொழிபெயர்ப்பு இதை ஒரே சொல்லால் தரவில்லை. இயேசு தம்மைப் பற்றிச் சொல்லும்போது 'நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்' (யோவான் 8:12). சீஷர்களைப் பற்றிச் சொல்லும்போது 'நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்' (மத்தேயு 5:14). இதை வைத்துக்கொண்டு, கிறிஸ்து மூலம், சீஷர் பிரதிபலிப்பு என்று பிரசங்கம் கட்டுவோர் உண்டு. கருத்து நல்லதாயிருக்கலாம், ஆனால் மூலத்தில் இரண்டு இடத்திலும் ஃபோஸ்தான். வேறுபாடு தமிழ் நடையைச் சேர்ந்தது. 'கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர்' என்று சங்கீதம் 27 தேவனையே வெளிச்சம் என்கிறதே!

ஆனாலும் வெளிச்சம் என்ற சொல் ஒரு காரியத்தை அழகாகச் செய்கிறது. அதற்குள் 'வெளி' கேட்கிறது. எபேசியர் 5:13 சொல்லும் 'வெளிச்சத்தினால் வெளியரங்கமாகும்' என்பதைக் காது உடனே பிடித்துக்கொள்கிறது. யோவானின் ஒளியும் இப்படி வெளிப்படுத்தும் ஒளிதான். மாணிக்கவாசகர் இறைவனைச் 'சோதியனே துன்னிருளே' என்று ஒரே மூச்சில் இரண்டாகவும் அழைப்பார். யோவானிடம் அந்த இரட்டை கிடையாது. இருள் அவருக்கு மறைப்பு. தேவனிடம் மறைப்பு இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் 7ஆம் வசனத்தின் திருப்பம் புரியும். 6ஆம் வசனம் 'அவரோடே' ஐக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருளில் நடப்பவரைப் பற்றிப் பேசுகிறது. எனவே அடுத்து, ஒளியில் நடந்தால் அவரோடு ஐக்கியம் என்று வரும் என்று எதிர்பார்ப்போம். வருவதோ 'ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம்'. தேவனிடம் மறைக்காதவர் அயலாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. அப்போதுதான் பொதுவில் வைக்க ஏதாவது மிஞ்சும். ஒளியில் நடப்பது பாவமே இல்லாமல் நடப்பது என்று எடுத்துக்கொள்வது பரவலான பிழை. அதே வசனம் இரத்தத்தின் சுத்திகரிப்பைச் சொல்கிறது, 8ஆம் வசனம் 'பாவமில்லையென்போமானால்' நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்கிறது, 9ஆம் வசனம் அறிக்கையிடச் சொல்கிறது. பிழையில்லாதவர் போல நடிப்பதுதான் இங்கே இருள்.

இரண்டு சொல்லும் கண்முன் சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் கத்தோலிக்கப் பாஸ்கா திருவிழிப்பை, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டை, பார்க்கலாம். கோவில் விளக்குகள் அணைந்திருக்க, வெளியே மூட்டிய புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரி ஏற்றப்படும். அதில் சிலுவை, தொடக்கமும் முடிவுமானவர் என்பதற்கு அடையாளமாக அகரம், னகரம், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். ஐந்து சாம்பிராணி மணிகளும் பதிப்பதுண்டு. பவனியில் கிறிஸ்துவின் ஒளியை மும்முறை அறிவிப்பார்கள். இரண்டாம் அறிவிப்புக்குப் பிறகு மக்களின் திரிகளுக்கு அந்தத் தீ கைமாறும். எரியும் திரியைச் சாய்த்தால் மெழுகு அடுத்தவர் கையில் சொட்டும். அதனால் அதை நிமிர்த்தியே பிடித்து, ஏற்றாத திரியைச் சாய்த்துக் கொண்டுவர வேண்டும். பிறகு பாடும் பாஸ்கா புகழுரை, பங்கிட்டாலும் இந்த ஒளி குறைவதில்லை என்கிறது.

சரியான தமிழ்ச் சொல் எது? திருவிவிலியம் என்னும் பிற்கால மொழிபெயர்ப்பு 1 யோவானில் 'நட்புறவு' என்கிறது. இனிய சொல், ஆனால் பங்கு என்ற பொருள் நழுவிவிடுகிறது. தோழமையும் அப்படியே. விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று சீர்திருத்த சபைகள் சொல்வதைப் பழைய கத்தோலிக்கச் செபம் 'சமுதீதப் பிரயோசனம்' என்றது. நாக்கு சுளுக்கும் சொல்தான், ஆனால் 'அனைவருக்கும் பொதுவான பயன்' என்ற கொய்னோனியாவின் உட்பொருளை அது விடவில்லை. இன்றைய 'சமூக உறவு' அதை விட்டுவிட்டது. அமைப்பிலும் பொருளிலும் மிக நெருங்கியது கூட்டுறவு. லூக்காவின் கூட்டாளியோடும் ஒட்டிப்போகும். பால் சங்கமும் கடன் சங்கமும் அதை எடுத்துக்கொண்டதால் ஜெபத்தில் சொன்னால் சிரிப்பு வரும். ஆகவே வாசிப்பிலும் ஆராதனையிலும் ஐக்கியமே இருக்கட்டும்; விளக்கும்போது 'பங்குகொள்ளும் உறவு' என்று விரித்துச் சொல்லலாம். வெறுமனே கூடுவதற்குக் 'கூடுகை' என்ற சொல் இருக்கிறது, அதற்கு ஐக்கியத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ஆராதனைத் திரையில் 'தேவன் ஒலியாயிருக்கிறார்' என்று போட்டால் அவர் சத்தமாகிவிடுவார்; 'ஒழி' என்று போட்டால் அதைவிட மோசம்.