போர்ட்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் "அவருக்கு போர்ட் வெச்சிருக்காங்க"ன்னு சொன்னா பெருசுங்களுக்கு போர்ட் கிள்ளான், போர்ட் டிக்சன்தான் ஞாபகம் வரும், பசங்களுக்கோ லெப்பாக் பண்ற, அதாவது சும்மா ஒக்காந்து கதையடிக்கிற எடம். புற்றுநோய் வார்டுல அர்த்தமே வேற.

நெஞ்சுல காறை எலும்புக்குக் கீழ, தோலுக்குள்ளயே பதிச்சு வெக்கிற சின்ன டப்பா அது, டைட்டானியம் இல்ல பிளாஸ்டிக், மேல சிலிக்கோன் மூடி, அதுலேருந்து ஒரு மெல்லிய குழாய் பெரிய ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குக் கிட்ட போய் நிக்கும். 1982லயே வந்துருச்சு. மருந்து ஏத்த தோலுக்கு மேலேருந்து அந்த மூடில சாதா ஊசி குத்தினா சிலிக்கோன பிச்சு எடுத்துரும், அதுக்குன்னே ஹியூபர் ஊசின்னு ஒன்னு இருக்கு.

கீமோவுக்கு மட்டும்தான் இதுன்னு நெனைக்கிறவங்க நெறைய பேரு. குடல் அடைச்சுப்போயி சாப்பாடே எறங்காதவங்களுக்கு சத்தும் இது வழியா ஏத்துவாங்க. குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு எல்லாம் கலந்த பை, பாக்க கித்தா (ரப்பர்) பால் மாதிரி வெள்ளையா இருக்கும். அவ்ளோ அடர்த்தியான கரைசல கையில இருக்கற சின்ன ரத்தக்குழாய்ல விட்டா எரிஞ்சு வீங்கிரும், இதயத்துக்குக் கிட்ட ரத்தம் வேகமா ஓடறதால உடனே கலந்துரும். ஆனா குடல் வேல செஞ்சா குடல் வழிதான் மொதல்ல, மூக்குல குழாய் போட்டாவது குடுப்பாங்க. சத்துப் பைல கிருமி பயம் ஜாஸ்தி, ஊசிய தொடர்ந்து வெச்சிருந்தா வாரம் ஒரு தடவ மாத்தணும், பை ஏறும்போது குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தா உடனே சொல்லிரணும், "விடிஞ்சதும் பாக்கலாம்லா"ன்னு படுத்துறக்கூடாது.

இப்ப சொல்லுக்கு வருவோம். லத்தீன்ல போர்டுஸ்னா துறைமுகம், போர்டான்னா வாசல். நம்ம டப்பாவோட பேரு வாசல்ங்கற போர்டாலேருந்து வந்தது, அதனால "துறை"ன்னு மொழிபெயர்க்கறது எனக்கு ஒட்டல. "நரம்பு வாசல்"ன்னும் வேணாம், பேச்சுல ரத்தக்குழாயையும் நரம்புன்னுதான் சொல்றோம், எழுத்துல குழப்பிரும். ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய் சிரை. வாயில்ங்கறது இல்வாய் முன்பின்னா மாறி வந்தது, வீட்டோட வாய்னு அர்த்தம். ஆக "தோலடிச் சிரைவாயில்"னு சொல்லலாம், வாயால பசியாற முடியாதவங்களுக்கு இன்னும் நல்லாவே பொருந்துது. சிரைவழி ஏத்தற சத்துக்கு "சிரைவழி ஊட்டம்" போதும். நர்ஸ்கிட்ட மட்டும் போர்ட்னே சொல்லுங்க, இல்லன்னா முழிப்பாங்க.