முடிப்பு வாய்பாடு: கதை முடிந்த பிறகு வரும் அந்த ஒரு வரி

தெலுங்கில் கதை சொல்லி முடித்ததும் "கத கஞ்சிகி, மனம் இண்டிகி" என்பார்கள். கதை காஞ்சிக்கு, நாம் வீட்டுக்கு. அதுவரை சொன்ன கதையில் காஞ்சி வந்திருக்கவே வேண்டாம். நடுக்கடலில் நடந்த கதையானாலும் கடைசியில் காஞ்சிக்குத்தான் போகும். தமிழில் "கதை முடிஞ்சுது, கத்தரிக்காய் காய்ச்சுது" என்கிறோம். அந்தக் கத்தரிக்காய்க்கும் கதைக்கும் எந்த உறவும் இல்லை.

கதைக்கு வெளியே நின்று, கதை முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் இப்படிப்பட்ட மாறாத வரியை நாட்டுப்புறவியலில் 'க்ளோசிங் ஃபார்முலா' என்பார்கள். தமிழில் எப்படிச் சொல்வது? ஃபார்முலா என்றதும் 'சூத்திரம்' என்று எழுதத் தோன்றும். இந்த இடத்தில் அது பொருந்தாது. சூத்திரம் சில சொற்களில் நிறைய பொருளை அடக்கிவைப்பது. கத்தரிக்காய் வரிக்குள் அப்படி அடக்கிவைத்த பொருள் ஒன்றும் இல்லை. 'முடிப்பு வாய்பாடு' என்பதே சரியான சொல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபார்முலா லத்தீன் சொல். 'வடிவம்' என்று பொருள்படும் ஃபோர்மா என்பதிலிருந்து, சிறியது என்ற பொருளில் வந்தது. அதாவது சிறு வடிவம். ரோமானியச் சட்டத்தில், வழக்கை எப்படித் தீர்ப்பது என்று நீதிபதிக்கு எழுதிக்கொடுக்கும் கட்டான வாசகத்துக்கு இந்தப் பெயர் இருந்தது. அறிவியலுக்கு வந்தது பிறகுதான்.

நம் வாய்பாடு இன்னும் பொருத்தமானது. படு என்னும் வினையடி நீண்டு பாடு ஆகிறது. வாய்பாடு என்றால் வாயில் பட்டுப் பழகியது. பள்ளியில் ஒப்பித்த பெருக்கல் வாய்ப்பாடும் இதே சொல்தான். யாப்பிலக்கணத்தில் தேமா, புளிமா என்பவை வாய்பாடுகள். தேமா என்றால் இனிய மா. ஆனால் சீர் பிரிக்கும்போது யாராவது மாங்கனியை நினைக்கிறார்களா? நேர் நேர் என்ற ஓசைதான் அங்கே கணக்கு. கதை முடிவில் வரும் கத்தரிக்காயும் அந்த மாங்கனி மாதிரிதான். கதை என்ற சொல்லோடு மோனையில் சேர்ந்ததால் அந்தக் காய் உள்ளே வந்தது.

ஓசை பொருளை இழுத்துக்கொண்டு போவதைப் பாரசீகத்தில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். "மேலே போனோம், தயிர் இருந்தது; கீழே வந்தோம், மோர் இருந்தது; எங்கள் கதை பொய்யாக இருந்தது" என்று முடிப்பார்கள். அங்கே மோருக்கு தூக், பொய்க்கு தொரூக். தயிரையும் மோரையும் இடம் மாற்றி, மேலே மோர், கீழே தயிர் என்று சொன்னால் கதை உண்மையாகிவிடும்! ஏனென்றால் தயிருக்கு மாஸ்த், உண்மைக்கு ராஸ்த். கதை பொய்யா மெய்யா என்பதை எதுகை முடிவு செய்கிறது.

அப்புறம் வங்காளம். "என் கதை தீர்ந்தது, நொட்டேச் செடி மொட்டையானது" என்பது அங்குள்ள வாய்பாடு. நொட்டே ஒருவகைக் கீரை. லால் பிகாரி டே 1883இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வங்கக் கதைத் தொகுப்பில் இது கதைகளின் முடிவில் வருகிறது, ஒரு நீண்ட வாலோடு. செடியே, ஏன் வாடினாய்? மாடு மேய்ந்தது. மாடே, ஏன் மேய்ந்தாய்? மேய்ப்பவன் பார்த்துக்கொள்ளவில்லை. அவனைக் கேட்டால், மருமகள் சோறு போடவில்லை. அவளைக் கேட்டால், குழந்தை அழுதது. குழந்தையைக் கேட்டால், எறும்பு கடித்தது. எறும்பைக் கேட்டால்? "குட், குட், குட்!" என்று கடிக்கும் ஓசைதான் பதில். கதை முடிந்ததே என்று முகம் வாடும் குழந்தையைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுகிறது இந்த வால்.

பக்கத்தில் ஒடியாவிலும் கதை முடிந்ததும் ஒரு செடி சாகிறது. ஆனால் அது பூச்செடி. அதையும் கேள்வி கேட்கிறார்கள். கறுப்புப் பசு தின்றுவிட்டது என்று பதில் வருகிறது. கேள்விச் சங்கிலி அப்படியே இருக்க, செடி மட்டும் மாறியிருக்கிறது. அந்த இரண்டு மொழியிலும் கதை முடிந்தால் செடி போய்விடுகிறது, தமிழில் காய்க்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அண்டை மொழிகளுக்குள் படிமம் இப்படிக் கைமாறும். ஆர்மீனியர்களுக்கும் துருக்கியர்களுக்கும் வானத்திலிருந்து மூன்று ஆப்பிள்கள் விழுகின்றன. சொன்னவருக்கு ஒன்று, கேட்டவருக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். கடல் கடந்து போகும்போது சொற்கள் முழுக்க மாறிவிடலாம். கானாவின் அகான் மக்கள், தாங்கள் சொல்லப்போவது உண்மை என்று சொல்லவில்லை எனக் கதையைத் தொடங்கி, "இனித்தாலும் இனிக்காவிட்டாலும் கொஞ்சம் எடுத்துப் போங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும்" என்று முடிப்பார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு அவர்களுடைய அனான்சி சிலந்திக் கதைகள் ஜமைக்காவுக்குப் போயின. அங்கே முடிப்பு வாய்பாடு "ஜாக் மண்டோரா, மீ நோ சூஸ் நன்". சொன்ன கதைக்கு நான் பொறுப்பில்லை என்று பொருள். அகான் கதையின் தொடக்கத்தில் இருந்த கைகழுவல், இங்கே முடிவில் கேட்கிறது.

"அதன்பின் அவர்கள் என்றென்றும் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள்" என்ற வரி மொழிபெயர்ப்புகள் வழியாகத் தமிழில் பரவிவிட்டது. மூலத்தில் எல்லா இடத்திலும் அதுவே இருப்பதில்லை. ஜெர்மனில் "அவர்கள் சாகாமலிருந்தால் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்" என்று வரும். ஸ்பானியத்தில் "மகிழ்ச்சியாக இருந்தார்கள், கௌதாரி தின்றார்கள்" என்று வரும். ஃபெலிசெஸ், பெர்திசெஸ் என்ற எதுகைக்காக வந்த கௌதாரி அது. அந்தக் கதையைத் தமிழாக்குபவர் கௌதாரியை விட்டுவிட்டு, எதுகையோ மோனையோ உள்ள ஒரு தமிழ் வாய்பாட்டை அங்கே வைக்கலாம். கத்தரிக்காய் கையிலேயே இருக்கிறது.