பீன்ஸைக் கொட்டினால் ரகசியம் எப்படி வெளியே வருகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: ஆங்கிலத்தில் படிக்கிறேன், எழுதுகிறேன், ஓரளவு சரளமாகப் பேசவும் செய்கிறேன், ஆனால் பேச்சு நடுவே யாராவது ஒரு மரபுத்தொடரைப் போட்டால் ஒரு கணம் திகைத்துவிடுகிறேன், பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தும் தேவைப்படும்போது ஒன்றுகூட வாயில் வருவதில்லை, ஏன்?

நல்ல கேள்வி. அந்த ஒரு கணத் திகைப்பை ஆய்வுக்கூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

மரபுத்தொடர் என்றால் என்ன என்று பள்ளியிலேயே படித்திருப்போம். சொற்களின் பொருளைத் தனித்தனியாகக் கூட்டினால் தொடரின் பொருள் வராது. 'கம்பி நீட்டினான்' என்றால் கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை, ஆள் ஓடிவிட்டான், அவ்வளவுதான். 1970களில் உளவியலாளர்கள் சிலர், மூளை முதலில் நேர்ப்பொருளைப் போட்டுப் பார்க்கும், பொருந்தவில்லை என்றால் மட்டும் மரபுத்தொடர்களைத் தேடப் போகும் என்று நினைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1979இல் டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் நேரத்தை அளந்தபோது, அதே மாதிரியான சாதாரணத் தொடர்களைவிட மரபுத்தொடர்களைத்தான் மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். இரண்டு வேலை செய்கிற மூளை ஒரு வேலையை மட்டும் செய்கிற மூளையை முந்துமா என்ன?

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1988இல் கிறிஸ்டினா கச்சாரி, பட்ரீசியா தபோஸி என்ற இரு இத்தாலிய ஆய்வாளர்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள்: தொடரின் எந்தச் சொல்லில் மூளைக்குப் பிடிபடுகிறது? ஆட்களைக் காதால் வாக்கியம் கேட்கவிட்டு, தொடர் முடிகிற அதே நொடியில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார்கள். அது உண்மையான சொல்லா இல்லையா என்று சட்டென்று சொல்ல வேண்டும், வேலை அவ்வளவுதான். மனதில் ஏற்கெனவே விழித்திருக்கும் பொருளோடு தொடர்புள்ள சொல் என்றால் பதில் சீக்கிரம் வரும். பாதியிலேயே ஊகிக்க முடிகிற தொடர்களில், முடிகிற இடத்திலேயே மரபுப் பொருள் மட்டும் விழித்திருந்தது, கடைசிச் சொல்லின் நேர்ப்பொருள் தலைகாட்டவே இல்லை. ஊகிக்க முடியாத தொடர்களில் அப்படியே தலைகீழ்: தொடர் முடிந்த நொடியில் நேர்ப்பொருள் மட்டும். ஆனால் 300 மில்லி விநாடி, அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பொறுத்துச் சொல்லைக் காட்டினால், இரண்டு பொருளும் விழித்திருந்தன!

அதாவது, தொடருக்குள் எங்கோ ஒரு திறவுகோல் சொல் இருக்கிறது. அதுவரை மூளை சாதாரணமாகவே கேட்டுக்கொண்டு வருகிறது, அது வந்ததும் ஆள் பிடிபட்டுவிடுகிறான். ரகசியத்தைப் போட்டு உடைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ஸ்பில் த பீன்ஸ்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்பில்' வரைக்கும் பாலும் கொட்டலாம், காபியும் கொட்டலாம், 'பீன்ஸ்' வரும்போதுதான் விஷயம் புரிகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் பெயர்ச்சொல் முந்திக்கொள்ளும். 'சும்மா காதில் பூ' என்று ஒருவர் இழுத்தாலே போதும், 'சுற்றாதே' வருவதற்கு முன்பே நமக்குப் புரிந்துவிடுகிறது. இந்த வரிசை வேறுபாட்டைத் தமிழ் பேசுகிறவர்களிடம் அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. இதற்கு ராட்சதத் தொலைநோக்கி எதுவும் தேவையில்லை, ஒரு கணினி, ஒலிப்பதிவு, பொறுமையுள்ள தன்னார்வலர்கள் இருந்தால் போதும். பணம் ஒதுக்குகிறவர்கள் மொழி ஆய்வு என்றாலே பழைய ஏடு என்று நினைப்பதை விட்டால் நன்றாக இருக்கும்.

சரி, திகைப்புக்கு வருவோம். அன்னா சியானோவா-சந்தூரியாவும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் படிக்கும்போது கண் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பதிவு செய்தார்கள். 'அட் த எண்ட் ஆஃப் த டே' என்ற தொடருக்கு 'கடைசியில் பார்த்தால்' என்றும் பொருள், 'நாள் முடிவில்' என்றும் பொருள். இதோடு 'அட் த எண்ட் ஆஃப் த வார்' மாதிரியான சாதாரணத் தொடரையும் வைத்து ஒப்பிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மரபுத்தொடரை வேகமாகக் கடந்தார்கள். பின்னால் கற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, அதோடு நேர்ப்பொருளில் வரும்போது ஆனதைவிட மரபுப் பொருளில் வரும்போது கூடுதல் நேரமும் ஆனது. பொருள் தெரியாமல் இல்லை. திறவுகோல் சொல்லில் சட்டென்று பிடிபடும் அளவுக்கு அந்தத் தொடர் அவர்கள் காதில் விழவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பட்டியலை மனப்பாடம் செய்தால் பொருள் கிடைக்கும், இந்தப் பழக்கம் கிடைக்காது. முப்பது நாளில் முந்நூறு தொடர் என்று விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான், ராசிக்கல் விற்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பேசும்போது இன்னொரு சிக்கல். சூசன் இருஹோ 1986இல் ஸ்பானிஷ் பேசும் மாணவர்களைச் சோதித்தார். இரு மொழியிலும் ஒரே மாதிரி இருக்கும் தொடர்கள் எளிதாக வந்தன, முற்றிலும் வேறான தொடர்கள் கடினமாக இருந்தன, இதில் வியப்பில்லை. கிட்டத்தட்ட ஒத்துப்போகிறவைதான் வேடிக்கை: கேட்டால் நன்றாகப் புரியும், சொல்லப் போனால் தாய்மொழி குறுக்கே வரும். நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் இரண்டு பறவை அடிப்பார்கள். அவசரத்தில் ஆங்கிலத்திலும் மாங்காய் விழுந்துவிடும். அதனால் தெரிந்த மாதிரி இருக்கும் தொடரைத்தான் கூடுதல் கவனத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

எல்லாத் தொடரும் ஒரே அளவு இறுக்கமானவை அல்ல என்பதையும் கவனியுங்கள். 'ஸ்பில் த பீன்ஸ்' வளைந்து கொடுக்கும், 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று செயப்பாட்டு வினையில் சொல்லலாம், ஏனென்றால் கொட்டுவது வெளியிடுவதாகவும் பீன்ஸ் ரகசியமாகவும் பிரிந்து நிற்கிறது. செத்துப்போவதைக் குறிக்கும் 'கிக் த பக்கெட்' அப்படி இல்லை. 'மண்டையைப் போட்டார்' என்பதை 'அவரால் மண்டை போடப்பட்டது' என்று மாற்றிப் பாருங்கள், யாரும் சாகவில்லை. அதுபோலத்தான்.

நினைவில் நிறுத்த உதவுவது எது? பெல்ஜிய மொழியியலாளர் ஃபிராங்க் பூர்ஸ் காட்டியது, தொடர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வைத்தால் மாணவர்களுக்கு நன்றாக நிற்கிறது என்பது. 'த்ரோ இன் த டவல்' குத்துச்சண்டையிலிருந்து வந்தது, அடி தாங்காத வீரனின் உதவியாளர் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை மேடைக்குள் எறிவார். அந்தக் காட்சியைப் பார்த்தவருக்கு 'விட்டுக்கொடுத்து விலகுவது' என்ற பொருளை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். அப்புறம் ஒலி. 'பீட் அரவுண்ட் த புஷ்', 'த்ரூ திக் அண்ட் தின்' போல முதலொலி ஒத்து வருபவை எளிதில் மனதில் தங்குகின்றன என்றும் அவரும் செத் லிண்ட்ஸ்ட்ராம்பெர்க்கும் கண்டார்கள். மோனையில் ஊறிய நமக்கு இது சொந்த ஊர் மைதானம்.

எதை முதலில் எடுப்பது என்றால், பாடப்புத்தகங்களுக்குப் பிடித்த, பூனையும் நாயுமாக மழை கொட்டும் தொடரை விட்டுவிடுங்கள், அன்றாடப் பேச்சில் அது அபூர்வம். வேலையை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்பதற்குச் சொல்லும் 'கால் இட் எ டே' மாதிரி, பிறர் வாயிலிருந்து திரும்பத் திரும்பக் காதில் விழுவதை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்கூட மாற்றாமல், அவர்கள் அதைச் சொன்ன அதே மாதிரியான சந்தர்ப்பத்தில் சொல்லிப் பாருங்கள்.