லேமினேஷன் மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்

போன வாரம் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பஸ் ஏறித் தஞ்சாவூர் வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. அவருடைய அப்பா சேர்த்து வைத்த 1950களின் வார இதழ்கள், தீபாவளி மலர்கள் எல்லாவற்றையும் பிரித்து, ஓவியப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டிருக்கிறார். மொத்தம் 46 பக்கங்கள்.

“இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை தம்பி. லேசா மஞ்சள் பூத்திருக்கு, அதை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டா போதும்” என்றார்.

மேலே இருந்தது கோயில் ஓவியர் சில்பி வரைந்த ஒரு கோபுரம். உறை சிறிது, பக்கம் பெரிது. அதனால் கடைப் பையன் நான்கு ஓரத்தையும் நறுக்கிவிட்டான். சில்பியின் கையெழுத்து இருந்த மூலை அதோடு போயிற்று. கோபுரத்தின் மூன்றாம் நிலையில் ராமபாணப் பூச்சி ஒன்று மீசையோடு தட்டையாக நசுங்கி, பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்தது. எதையாவது நூறு வருஷம் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால் அந்தப் பூச்சியைத்தான்.

பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். இந்த வருஷம் இப்படி வந்த ஐந்தாவது பை இது.

லேமினேஷன் போட்டால் காற்றும் தண்ணீரும் போகாது, ஆகவே தாள் கெடாது என்று நினைக்கிறார்கள். தாளைக் கெடுப்பது வெளியிலிருந்து வருவது மட்டுமில்லை. மரக்கூழில் செய்த மலிவுத் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. அதை உறை போட்டு மூடினால் அமிலம் வெளியே போகாது, உள்ளேயே இருந்து வேலை செய்யும். மஞ்சள் நிற்காது, பழுப்பாகும், அப்புறம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே பொடியும். இன்னொன்று, 100 டிகிரிக்கு மேல் சூடான உருளைக்குள் போய்த்தான் அந்தப் பக்கம் வெளியே வருகிறது. எழுபது வயசுத் தாளுக்கு அந்தச் சூடே போதும். உருகிய பசை தாளின் நார் நாராக இறங்கி உறைந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கை உரித்தால் கூடவே மையும் படமும் உரிந்து வரும். “நீங்க நினைச்சா முடியும்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். என்னால் முடியாது.

எங்கள் தொழிலும் இதில் ஒன்றும் யோக்கியமில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டு ஆவணக் காப்பகங்களிலேயே செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்தை அசிட்டோன் என்ற கரைப்பான் தடவி ஒட்டினார்கள். அதையாவது அசிட்டோனை வைத்தே ஓரளவு கழற்ற முடிந்தது. ஜெராக்ஸ் கடை உறைக்கு அந்த வழியும் கிடையாது.

இன்னொரு குழப்பம், பழசு என்றாலே பலவீனம் என்பது. பத்திரிகை சேர்க்கும் டாக்டர் ஒருவர் 1850களின் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ் ஒன்றைக் கொண்டு வந்தார். லண்டனில் 1842 மே 14இல் தொடங்கிய படப் பத்திரிகை அது. கந்தல் துணிக் கூழில் செய்த தாள் என்பதால் இன்னும் வெளுப்பாக, மடித்தால் மடிகிறது. அவரே வைத்திருந்த 1962ஆம் வருஷத்து வார இதழ் தொட்டால் அப்பளம். அந்த லண்டன் இதழின் இரட்டைப் பக்கப் படத்தில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. கிழிசல் என்று நினைத்து யாரோ கறுப்பு மை தடவியிருக்கிறார்கள். அட கடவுளே! சிறு சிறு மரக்கட்டைகளை இணைத்துத்தான் அந்தக் காலத்தில் பெரிய படத்தைச் செதுக்கினார்கள். இணைப்பு சரியாகச் சேராத இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அசல் என்பதற்கு அதுவே சாட்சி.

சொல்லும்போது ஞாபகம் வருகிறது. “சரபோஜி மகாராஜா வாங்கிய லண்டன் நியூஸ்” என்று யாராவது விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி இறந்தது 1832இல். பத்திரிகை வரப் பத்து வருஷம் பாக்கி.

சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு எண்ணெய் தடவுவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் வார இதழுக்கும் புல்தைலம் தடவுகிறவர்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். அது பனையோலை சாமி. தாளில் எண்ணெய் பட்டால் வடைக் காகிதம்தான்.

செலோ டேப் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் காய்ந்து உதிர்ந்த பிறகும் பசையின் பழுப்புப் பட்டை தாளை விட்டுப் போகாது. துருப்பிடித்த பின்னைப் பிடுங்காதீர்கள். பின்பக்கம் கால்களை மெல்ல நிமிர்த்தி, முன்பக்கமாக எடுங்கள். மொட்டை மாடி வெயிலில் காய வைக்காதீர்கள். ஓட்டு வீட்டுப் பரணில் வைக்காதீர்கள், சித்திரையில் அது அடுப்பு, ஐப்பசியில் ஊறல் பானை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, படுக்கை வசமாக அடுக்குங்கள். பைண்டிங் கொடுப்பதாக இருந்தால் பசையில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சி வராது என்று கலக்குகிறார்கள். அந்தச் செம்பு தாளையே தின்னும். ஓரத்தை வெட்டிச் சமன் செய்யவும் விடாதீர்கள்.

அடைமழையில் நனைந்துவிட்டால்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். ஈரத்தோடு பிரிக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சாதாரணத் தாள் என்றால் நிழலில் ஃபேன் காற்றே போதும். தீபாவளி மலரின் வழவழப்பான பக்கங்கள் காய்ந்தால் ஒன்றோடொன்று கல்லாக ஒட்டிக்கொள்ளும். அவற்றை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போன் செய்யுங்கள். வீட்டில் திட்டுவார்கள். இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்து பூசணம் பூத்தால் நான் திட்டுவேன்.

பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை என்றால், தாராளமாக நிழல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள், கலர் பிரின்ட் போடுங்கள், அந்தப் பிரின்டுக்கு லேமினேஷன் போட்டுச் சுவரிலும் மாட்டுங்கள். அசலைத் தனியாக வைக்க வேண்டுமானால் இரண்டு ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் தாளுக்கு நடுவே வைத்து, இரண்டு ஓரத்தை மட்டும் ஒட்டி, மற்றதைத் திறந்தே விடலாம். தாளின் மேல் பசை படாது. எப்போது வேண்டுமானாலும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ஆசிரியரிடம் சொன்னேன். அந்த 46 பக்கங்களுக்கும் செய்ய ஒன்றுமில்லை, வெயில் படாமல் வையுங்கள் என்றேன். வெகுநேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, “வீட்டில் இன்னும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு தம்பி. கோபுலு படமெல்லாம் அதில்தான். நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோறதா பையன்கிட்ட சொல்லியிருக்கேன்” என்றார்.

என் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மகன் நம்பரை அவரே அழுத்தினார்.