சைக்காலஜி படிக்கப் போகிறீர்களா? முதலில் கடைசிப் படியைப் பாருங்கள்

தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில் என்னைப் பார்க்க வருகிறவர்களில் பலர் சிகிச்சைக்காக வருவதில்லை. "பொண்ணு சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா மேடம், பிளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கணும்?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையாக இருந்தால் கேள்வி கொஞ்சம் மாறும். பி.ஏ.வா, பி.எஸ்சி.யா? வேலைக்குப் போய்க்கொண்டே கரஸ்ஸில் படிக்கலாமா? ஆறு மாத டிப்ளமோ ஒன்று பார்த்தோம், அது போதாதா?

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படித்து முடித்து என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறாய்? பதினைந்து வயதில் இதற்குப் பதில் தெரியாமல் இருப்பது இயல்பு. ஆனாலும் கேட்கிறேன். ஏனென்றால் இந்தத் துறையில் பட்டம் வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. கடைசியில் ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். அந்தப் பதிவுக்கு எந்தப் படிப்பு வேண்டும், அந்தப் படிப்பில் சேர எந்த முதுநிலைப் பட்டம் வேண்டும், அது எந்த முறையில் படித்ததாக இருக்க வேண்டும் என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால்தான் முதல் படி எது என்று தெரியும். பெரும்பாலான குடும்பங்கள் கீழிருந்து மேலே போகிறார்கள். நாலைந்து வருடம் போன பிறகுதான் வழி அடைத்திருப்பது தெரிகிறது.

மனநல மருத்துவர் ஆக வேண்டும் என்றால் பாதையே வேறு. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் சைக்கியாட்ரியில் எம்.டி. செய்ய வேண்டும். மருந்து எழுதித் தருகிறவர் அவர். அந்த ஆசை கொஞ்சமாவது இருந்தால் பிளஸ் ஒன்னில் உயிரியல், இயற்பியல், வேதியியல் உள்ள குரூப்பை விட்டுவிடாதீர்கள். குரூப் தேர்வு உண்மையாகவே ஒரு கதவைத் திறப்பதும் மூடுவதும் இந்த ஓர் இடத்தில்தான்.

மருந்து இல்லாமல், மதிப்பீடு செய்தும் உளவியல் சிகிச்சை கொடுத்தும் வேலை செய்கிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவருக்குச் சட்டமே வரையறை வைத்திருக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்சிஐ, தன் மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை மட்டுமே இந்தப் பெயரில் தொழில் செய்ய அனுமதிக்கிறது. பதிவு இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ஆர்சிஐ ஏற்ற தகுதியையோ, உளவியல் முதுநிலைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியையோதான் தகுதியாகச் சொல்கிறது. நோயாளிகளோடு, மூத்தவர்களின் மேற்பார்வையில் செய்யும் பயிற்சி அது. இதுவரை வழக்கமான கணக்கு இளநிலை மூன்று, முதுநிலை இரண்டு, எம்.ஃபில். இரண்டு என்று ஏழு ஆண்டு. பணம், காலம் இரண்டையும் வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரி, குரூப் விஷயம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலையில் உளவியல் தனிப் பாடமாக இல்லை. சிபிஎஸ்இ-யில் இருக்கிறது. இதைக் கேட்டதும் ஸ்டேட் போர்டு பெற்றோர் பதறுவார்கள். பதற வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் இளநிலை உளவியலுக்கு எந்த குரூப்பில் வந்தவர்களையும் எடுக்கின்றன. சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தும் என்சிஇஆர்டி உளவியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விடுமுறையில் பிள்ளையை அவற்றைப் படிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்ததும் எல்லாரும் உளவியல் கோளாறுகள் பாடத்துக்குத்தான் ஓடுவார்கள். நான் படிக்கச் சொல்வது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஆய்வு முறைகள் பற்றிய பாடத்தை. கூர்நோக்கு, சோதனை, இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒட்டுறவு ஆய்வு, நேர்காணல் என்று போகும் அந்தப் பாடம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியில் பாதிப் படிப்பு அந்த மாதிரிதான் இருக்கும்.

முதல் ஆண்டிலேயே துவண்டுபோகிற மாணவர்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் புள்ளியியல்தான். சராசரி, திட்ட விலக்கம் வரை சமாளிப்பார்கள். டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று வந்ததும் "கணக்கு வேண்டாம்னுதானே இங்க வந்தேன்" என்பார்கள். உளவியலில் இதிலிருந்து தப்பிக்க வழி இல்லை. ஒரு குழந்தையின் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., 68 என்று நான் அறிக்கையில் எழுதினால், அந்த எண் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, சோதனையின் பிழை எவ்வளவு என்று தெரிந்துதான் எழுத வேண்டும். அந்த அறிக்கையை நம்பித்தான் அந்தப் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றும் தேர்வுச் சலுகையும் கிடைக்கின்றன. அதனால் வணிகக் கணிதமோ புள்ளியியலோ உள்ள குரூப் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பத்தாம் வகுப்புக் கணக்கில் உள்ள புள்ளியியல் பகுதியையாவது மறக்காமல் வைத்திருங்கள். வரலாறு குரூப்பிலிருந்து வந்து மிக நல்ல சைக்காலஜிஸ்ட் ஆனவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு எழுதவும் கேட்கவும் வரும். கணக்கை உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் பயம் வேறு. பாடப்புத்தகங்களும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதை மறைக்க முடியாது. முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும், கூடுதலாக உழைக்க வேண்டும். ஆனால் எதிரில் வந்து உட்காருகிறவர் ஆங்கிலத்தில் சொல்லப்போவதில்லை. "நெஞ்சு படபடன்னு வருது", "மனசே விட்டுப் போச்சு", "யாரோ பேசுற மாதிரி கேக்குது" என்றுதான் சொல்வார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதே மொழியில், அந்த ஊர்ப் பேச்சிலேயே கேட்கத் தெரிந்தவர்கள் எங்களுக்குப் போதவில்லை. மொழியைக் காரணம் காட்டி இந்தப் படிப்பு வேண்டாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்பதில் நான் அதிக நேரம் செலவிடமாட்டேன். ஆர்சிஐ-யின் எம்.ஃபில். விதி கேட்டது உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி.; மதிப்பெண் 55 விழுக்காடு, எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 50. பெயரைவிடப் பாடத்திட்டம்தான் முக்கியம். கல்லூரி இணையதளத்தில் ஆறு பருவத்தின் பாடப் பட்டியலையும் இறக்கிப் பாருங்கள். உயிரியல் அடிப்படைகள், புள்ளியியல், ஆய்வு முறைகள், பரிசோதனை உளவியல் செய்முறை ஆகியவை இருக்க வேண்டும். முடிந்தால் நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் கருவி, கோட்டின் நீளத்தில் கண்ணை ஏமாற்றும் முல்லர்-லையர் பலகை, நுண்ணறிவுச் சோதனைப் பெட்டிகள் எல்லாம் தூசி படிந்து பூட்டிக் கிடக்கிறதா, மாணவர் கை பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பட்டத்தின் பெயரில் உளவியல் இருந்தும், உள்ளே மூன்றில் ஒரு பங்குதான் உளவியல் இருக்கும் கூட்டுப் பட்டங்களும் உண்டு. அவற்றில் சேருமுன் மேலே எந்த முதுநிலைப் படிப்பு ஏற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை மாநிலக் கல்லூரி மாதிரியான அரசுக் கல்லூரிகளிலும் பி.எஸ்சி. உளவியல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம்தான். கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடுமுன் இதைப் பாருங்கள். டெல்லி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போக ஆசை என்றால் க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் உளவியலே ஒரு பாடமாக இருக்கிறது.

இப்போது கரஸ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் மனம் கஷ்டப்படுவது இங்கேதான். ஐ.டி. வேலையில் இருப்பவர், பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர், கிராமத்துப் பள்ளி ஆசிரியர் என்று எத்தனையோ பேர் இரவில் கண்விழித்துத் தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு வருகிறார்கள். "அடுத்து எம்.ஃபில். சேரணும் மேடம், ஒரு கடிதம் தர முடியுமா?" கையில் நல்ல மதிப்பெண் இருக்கும், உண்மையான அக்கறையும் இருக்கும். ஆனால் பயிற்சி தரும் பல நிறுவனங்கள் நேரடி வகுப்பில் படித்த முதுநிலைப் பட்டத்தைத்தான் கேட்கின்றன. சேர்க்கும்போது யாரும் அவர்களிடம் இதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, இதற்கு ஒரு முடிவு கட்டியது. 2021-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைதூர முறையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் உளவியலும் இருக்கிறது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது பொருந்தும். ஆகவே இப்போது யாராவது "வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி" என்று அழைத்தால் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள்.

வேறு பட்டம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பி.காம்., பி.இ. முடித்தவர்களையும் எம்.எஸ்சி. உளவியலில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. இரண்டு ஆண்டு முழுநேரம் ஒதுக்க வேண்டும், அதுதான் விலை. முடியாதவர்கள் ஒரு வருடம் பணம் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். முப்பது வயதில் வந்து முதுநிலையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் டிப்ளமோக்கள். வார இறுதியில் நடக்கும், சான்றிதழில் பொன்னிற முத்திரை இருக்கும், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நாலு எழுத்து கிடைக்கும். தன்னைத் தெரிந்துகொள்ளவோ, ஆசிரியர் தன் வகுப்பை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளவோ படித்தால் நான் தடுக்கமாட்டேன். அதை வைத்துக்கொண்டு சிகிச்சை அறை திறப்பதுதான் ஆபத்து. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துப்போன ஒரு பிள்ளை என்னிடம் வந்தது. எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி. அதற்கு முன் பல மாதம் ஒரு 'தெரபிஸ்ட்' அந்தப் பிள்ளையை ஹிப்னாடிசத்துக்கு உட்கார வைத்திருக்கிறார். பெற்றோர் நகை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஓசிடி-க்குப் படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளவும் கழுவாமல் இருக்கவும் பழக்கும் நல்ல சிகிச்சை முறை இருக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. அதைத் தெரியாத ஒருவரின் அறையில் அந்தப் பிள்ளையின் ஒரு கல்வியாண்டு போய்விட்டது. தவறான படிப்பைத் தேர்ந்தெடுப்பது படித்தவரை மட்டும் பாதிப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கிளினிக்கல் பக்கம் வர விரும்பும் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்.ஃபில். என்ற பட்டமே நாட்டில் விடைபெற்றுவருகிறது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கை செல்லும் என்று 2024 ஜனவரியில் யுஜிசி அறிவித்தது. ஆர்சிஐ நான்காண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி, கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஏ., முனைவர் நிலைப் பட்டமான சை.டி. என்று புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சிஐபி, முட்டுக்காடு நிப்மெட் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் இதுவரை எம்.ஃபில். படித்தவர்கள் போன பாதையில் இன்று பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அப்படியே போக முடியாது. ஆகவே அண்ணன், அக்கா சொன்னதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஆர்சிஐ அறிவிப்பை வருடத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள்.

பள்ளிக் கவுன்சலர், நிறுவனங்களில் மனிதவளம், ஆராய்ச்சி, கற்பித்தல் என்று ஆர்சிஐ பதிவு தேவைப்படாத நல்ல வேலைகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் நேரடி வகுப்பில் படித்த உறுதியான முதுநிலைப் பட்டம்தான் அடித்தளம்.

கடைசியாக, கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு காரணம் உண்டு. "எனக்கே மனசு சரியில்லாம இருந்துச்சு, அதான் படிக்கலாம்னு..." இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வலியைக் கடந்து வந்தவர்கள் இந்தத் துறையில் மிக நன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் பாடம் சிகிச்சை ஆகாது. மனச்சோர்வு பற்றிப் படிக்கும் வகுப்பில் உட்கார்ந்து, தன் அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இன்னும் கலங்கிப்போகும் மாணவர்களைப் பார்க்கிறேன். முதலில் உங்களுக்கான உதவியைப் பெறுங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸில், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். சிகிச்சை எடுத்துக்கொண்டது படிப்பில் சேரத் தடையாக இருக்காது.

கல்லூரிக்குப் போன் செய்யும்போது, படிப்பு ஆர்சிஐ அங்கீகாரம் பெற்றது என்று சொன்னால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். அங்கீகாரம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தரப்படும், புதுப்பிக்க வேண்டும். பழைய கையேட்டில் அச்சிட்ட வரி போதாது. நடப்புக் கல்வியாண்டுக்கான அங்கீகாரக் கடிதத்தின் நகலை வாங்கி, ஆர்சிஐ இணையதளத்தில் உள்ள நிறுவனப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.